நிக்ஸி கடிகாரம்: டிரைவர் ஐசியை மூன்று முறை மாற்றிய பிறகு

நேற்று இரவு அறை விளக்கை அணைத்துவிட்டுக் கடிகாரத்தின் முன் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆறு நிக்ஸி ட்யூப்பிலும் (எண் வடிவில் ஒளிரும் நியான் குழாய்கள்) எரிய வேண்டிய எண் மட்டும்தான் எரிந்தது. அதற்குப் பின்னால் வேறு எண்ணின் நிழல் இல்லை. கண்ணாடிக்குள் புகை மாதிரி பரவும் மங்கல் ஒளி இல்லை. விநாடி மாறும்போது பழைய எண் ஒட்டிக்கொண்டு நிற்கவும் இல்லை. இந்த நிலைக்கு வர டிரைவர் ஐசியை, அதாவது எந்த எண் எரிய வேண்டுமோ அதை எரியவிடும் சில்லை, மூன்று முறை மாற்ற வேண்டியிருந்தது. நான்காவது வடிவம்தான் நிலைத்தது. எங்கே எதை அளந்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும் என்பது நினைவில் இருக்கும்போதே எழுதி வைக்கிறேன்.

என்னிடம் இருப்பவை ஐஎன்-12 ட்யூப்கள், பழைய சோவியத் தயாரிப்பு. எண்ணின் உயரம் 18 மில்லிமீட்டர். உள்ளே நியான் வாயு, முன்னால் வலை மாதிரி ஓர் ஆனோடு, அதற்குப் பின்னால் 0 முதல் 9 வரை எண் வடிவில் பத்து மெல்லிய கேத்தோடு தகடுகள், ஒன்றின் பின் ஒன்றாக. எந்தத் தகட்டைக் கிரவுண்டோடு சேர்க்கிறோமோ அதைச் சுற்றி ஆரஞ்சு ஒளி படியும். இந்த ட்யூப்பில் 5 என்பது தலைகீழாகத் திருப்பிய 2. கையில் வாங்கிப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது அதுதான், இப்போதும் 5 வரும்போதெல்லாம் பார்க்கிறேன்.

எரியத் தொடங்க ஏறக்குறைய 170 வோல்ட் வேண்டும். எரிந்த பிறகு ட்யூப் இரு முனைகளுக்கு நடுவே 140 வோல்ட் அளவில் நிற்கும். மீதியை ஆனோடு ரெசிஸ்டர் ஏற்றுக்கொள்ளும். நான் 180 வோல்ட் கொடுத்து 15 கிலோ ஓம் போட்டேன். ரெசிஸ்டரின் இரு முனைகளில் 38 வோல்ட் காட்டியது, அதாவது சுமார் 2.5 மில்லி ஆம்பியர். ஐஎன்-12-க்கு அது சரியான அளவு. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 180-உம் 140-உம் கடைசிவரை வரும்.

180 வோல்ட் சப்ளையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எம்சி34063, ஐஆர்எஃப்740 மாஸ்ஃபெட், 100 மைக்ரோ ஹென்றி காயில், 12 வோல்ட் அடாப்டர். பலரும் செய்து பார்த்த சர்க்யூட். கையில் இருந்ததென்று 1என்4007 டையோடு போட்டதில் அது தொட முடியாத அளவு சூடேறியது, லோடு கொடுத்ததும் வோல்ட்டும் இறங்கியது. வேகமான யூஎஃப்4004 போட்டதும் இரண்டும் தீர்ந்தன. ஆறு ட்யூப்பும் எரியும்போது 12 வோல்ட் பக்கம் 0.31 ஆம்பியர் போகிறது. வெளியீட்டுக் கெபாசிட்டர் 4.7 மைக்ரோ ஃபாரட், அதன் குறுக்கே 470 கிலோ ஓம். அணைத்துவிட்டு ஐந்து விநாடி காத்திருந்தால் 30 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிடும். அந்த ரெசிஸ்டரை முதல் நாளே போடுங்கள். நான் நான்காம் நாள் போட்டேன், இடது கட்டைவிரலில் ஷாக் அடித்த பிறகு. அன்றிலிருந்து மின்சாரம் இருக்கும் போர்டை அளக்கும்போது ஒரு கை மடியில்தான் இருக்கும்.

முதல் வடிவம் மல்டிபிளெக்ஸ், அதாவது ஒரே ஐசி ஆறு ட்யூப்பையும் மாறி மாறி எரியவிடும் முறை. ஒரே ஒரு கே155ஐடி1 போதும் என்று நினைத்தேன். இது 74141-இன் சோவியத் இணை. நான்கு பிட் எண்ணைக் கொடுத்தால் பத்து வெளியீட்டில் ஒன்றைக் கிரவுண்டுக்கு இழுக்கும். ஆறு ட்யூப்பின் ஒத்த எண்களை ஒன்றாகக் கோத்துவிட்டு, ஆனோடுகளை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிக் கொடுத்தால் ஐந்து ஐசி மிச்சம். ஆனால் 180 வோல்ட்டை மேல்பக்கம் சுவிட்ச் செய்ய ஒவ்வோர் ஆனோடுக்கும் ஓர் எம்பிஎஸ்ஏ92, அதைத் தட்டிவிட ஓர் எம்பிஎஸ்ஏ42. ஆக 12 டிரான்சிஸ்டர், அவற்றுக்கு வேண்டிய ரெசிஸ்டர்கள். மிச்சம் பிடித்த ஐந்து ஐசியின் இடத்தை இவை இரண்டு மடங்காக எடுத்துக்கொண்டன.

ஒரு ட்யூப்புக்கு 2 மில்லி விநாடி, ஆறுக்கும் சேர்த்து 12. கண்ணுக்குத் துடிப்பு தெரியவில்லை. ஆனால் முதல் ட்யூப்பின் எண் இரண்டாவதில் மங்கலாகத் தெரிந்தது. வாயு அணைய நேரம் எடுக்கிறது. ஆனோடை வெட்டியதும் ஒளி உடனே செத்துவிடுவதில்லை. நடுவில் 50 மைக்ரோ விநாடி இடைவெளி விட்டுப் பார்த்தேன், போதவில்லை. 200 விட்டதும் நிழல் போனது. அடுத்தது வெளிச்சம். ஆறில் ஒரு பங்கு நேரமே எரிவதால் பகலில் எண்ணைப் படிக்கவே முடியவில்லை. 15 கிலோ ஓமை 4.7 ஆக்கினேன். உச்ச மின்னோட்டம் 8.5 மில்லி ஆம்பியருக்கு ஏறியது, சராசரி 1.4-தான். அப்போதுதான் ட்யூப்பின் அடியில் கேத்தோடுகளைத் தாங்கும் கம்பிகளிலும் ஒளி படிவதைப் பார்த்தேன். எண்ணின் மேல் மட்டும் இருக்க வேண்டிய ஒளி வேர் வரை வழிந்திருந்தது. இனி தயாரிக்கப்போவதில்லை என்று தெரிந்த ட்யூப்பை அப்படி நடத்த எனக்கு மனம் வரவில்லை. போர்டைக் கழற்றினேன்.

மல்டிபிளெக்ஸ் வேண்டாம், ஒவ்வோர் எண்ணுக்கும் தனி வயர் என்று முடிவான பிறகு, கண்ணில் பட்டது டிபிஐசி6பி595. எட்டு வெளியீடுள்ள ஷிஃப்ட் ரெஜிஸ்டர் (ஒரே வயரில் வரிசையாக வரும் பிட்டுகளைத் தனித்தனி வெளியீடாகப் பிரித்துத் தரும் ஐசி), 5 வோல்ட்டில் ஓடும், மைக்ரோ கண்ட்ரோலரிலிருந்து மூன்றே வயர், ஒவ்வொரு வெளியீடும் 150 மில்லி ஆம்பியர் தாங்கும். எனக்கு வேண்டியது 2.5. டேட்டாஷீட்டில் என் கண் அந்த 150-இலேயே நின்றுவிட்டது. வெளியீட்டின் தாங்கும் வோல்ட் 50 என்பதையும் படித்தேன். ஆனால் எரியாத தகடு காற்றில் தொங்குகிற கம்பிதானே, அதில் வோல்ட் எங்கிருந்து வரும் என்று கடந்து போனேன். பிழை அங்கேதான் தொடங்கியது.

இரண்டு ட்யூப்புக்கு மூன்று ஐசி வைத்துச் சோதனை போர்டு செய்தேன். பகலில் பிரமாதமாக இருந்தது. முழு மின்னோட்டம், முழு வெளிச்சம், துடிப்பே இல்லை. அன்றே மீதி ஐந்து ஐசிக்கும் ஆர்டர் போட இருந்தேன். மாலையில் தங்கை வந்து பார்த்துவிட்டு, "அண்ணா, ஏழுக்குப் பின்னாடி இன்னொரு எண் தெரியுதே, அது என்ன?" என்றாள். விளக்கை அணைத்தேன். ஏழு தெளிவாக எரிகிறது. அதைச் சுற்றி நீலமும் ஊதாவும் கலந்த ஒரு மங்கல். அதற்குள் வேறு எண்களின் ஓரங்கள் கோடு போட்ட மாதிரி. பகல் வெளிச்சம் மறைத்து வைத்திருந்தது.

அன்று இரவு செய்த அளவீடுதான் இந்த வேலை முழுவதற்கும் திருப்புமுனை. எரியாத ஓர் எண்ணின் வயரை ஐசியிலிருந்து கழற்றித் தொங்கவிட்டு, அதன் முனையில் மல்டிமீட்டரை வைத்தேன். 78 வோல்ட். இன்னொரு எண்ணில் 84. மூன்றாவதில் 71. மீட்டரே 10 மெகா ஓம் லோடு போடுகிறது, ஆக உண்மையான அளவு இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். பக்கத்தில் எரியும் எண்ணைச் சுற்றி அயனியான வாயு இருக்கிறது, தொங்கும் தகடு அந்த வாயுவுக்குள்தான் முங்கியிருக்கிறது. ஆகவே அது தானாக மேலேறி ஒரு வோல்ட்டில் நிற்கிறது. அதை அப்படியே நிற்க விட்டால் ஒளி இல்லை. வோல்ட்டை மேலே ஏறவிடாத ஐசியின் கிளாம்ப் அதை 50 வோல்ட்டில் பிடித்து இறக்கினால், அந்தத் தகடும் கொஞ்சம் கேத்தோடாக வேலை செய்யத் தொடங்குகிறது. அந்தக் கொஞ்சம்தான் இருட்டில் தெரிந்த மங்கல்.

கணக்கையும் அப்போதுதான் போட்டேன். எல்லா எண்ணையும் அணைத்தால் ஆனோடு 180-க்கு ஏறப் பார்க்கும். கேத்தோடு பக்கம் 50-இல் பிடித்திருக்கிறது. ட்யூப்பின் இரு முனைகளுக்கு நடுவே 130. எரிந்துகொண்டிருக்க வேண்டியது 140. பத்தே வோல்ட் இடைவெளி! ட்யூப்புக்கு ட்யூப் வேறுபடும், சப்ளையும் இரண்டு மூன்று வோல்ட் ஆடும். என் இரண்டு ட்யூப்பில் ஒன்று எல்லா எண்ணையும் அணைக்கச் சொன்னால் சுத்தமாக அணைந்தது, மற்றது மங்கலாகப் புகைந்துகொண்டே இருந்தது.

ஐசியை விட மனமில்லாமல் சப்ளையை 170-க்கு இறக்கிப் பார்த்தேன். மங்கல் குறைந்தது. மறுநாள் காலை பார்த்தால் நிமிட ட்யூப் இருண்டு கிடந்தது. அறை விளக்கைப் போட்ட உடனே எரிந்தது. அணைத்துவிட்டு மீண்டும் இருட்டில் முயன்றேன், சில விநாடி தயங்கியது. நியான் எரியத் தொடங்க முதலில் சில எலக்ட்ரான்கள் வேண்டும். அறை வெளிச்சமே அவற்றைக் கொஞ்சம் தட்டிக் கொடுக்கிறது. முழு இருட்டில், அதுவும் விளிம்பு வோல்ட்டில், ட்யூப் காத்துக் கிடக்கிறது. இரவில் பார்க்கத்தான் இந்தக் கடிகாரம். 180-க்கே திரும்பினேன், டிபிஐசி-யை எடுத்து வைத்தேன். எல்இடி வேலைக்கு அருமையான ஐசி அது, இங்கே அதற்கு வேலை இல்லை.

மூன்றாவது வடிவத்தில் மீண்டும் கே155ஐடி1, இந்த முறை ட்யூப்புக்கு ஒன்றாக ஆறு. 74141 குடும்பம் இந்த ட்யூப்களை ஓட்டுவதற்காகவே வடிவமைத்தது. அதன் வெளியீடுகள் அணைந்த நிலையில் 60 வோல்ட் தாங்கும். 50-க்கும் 60-க்கும் பத்து வோல்ட்தான் வேறுபாடு, ஆனால் மேலே போட்ட கணக்கில் வைத்துப் பாருங்கள்: 180-இல் 60 போனால் 120. எரிய வேண்டிய 140-க்கு இருபது வோல்ட் கீழே. அந்தப் பத்து வோல்ட்டில்தான் எல்லாம் இருக்கிறது. 10 முதல் 15 வரை எந்த எண்ணைக் கொடுத்தாலும் பத்து வெளியீடும் அணையும் என்பது இன்னொரு வசதி. மணியின் முதல் இலக்கம் 0 ஆக இருக்கும்போது அதை மறைக்க 15 அனுப்பினால் போதும். முந்தைய 7441-இல் இந்த வசதி முழுதாக இல்லை, பெயர் ஒன்று போல இருக்கிறதே என்று மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

இதன் கால் வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. 5 வோல்ட் 5-ஆம் காலில், கிரவுண்டு 12-ஆம் காலில். பழைய பழக்கத்தில் முதல் ஐசிக்கு 16-உம் 8-உம் என்று வயர் போட்டுவிட்டேன். அந்த ஐசியில் 16 என்பது எண் 0-இன் வெளியீடு, 8 என்பது எண் 2-இன் வெளியீடு. உயர் வோல்ட்டை இணைக்கும் முன் ஒவ்வொரு காலையும் மீட்டரில் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தால் பிழைத்தது. உள்ளீடுகளும் வரிசையாக இல்லை: ஏ 3-இல், பி 6-இல், சி 7-இல், டி 4-இல். ஒரு துண்டுத் தாளில் ஐசியைக் கீழிருந்து பார்த்த மாதிரி வரைந்து, சால்டர் செய்யும் மேசையில் ஒட்டி வைத்துக்கொண்டேன். ஆறு ஐசிக்கும் அதுதான் வழிகாட்டி.

24 உள்ளீட்டு வயர்களுக்கு மூன்று 74எச்சி595 ஷிஃப்ட் ரெஜிஸ்டர். ஆக ஒன்பது ஐசி. பழைய டிடிஎல் வகை என்பதால் கே155ஐடி1 சும்மா இருந்தாலும் ஒவ்வொன்றும் 15 மில்லி ஆம்பியருக்கு மேல் குடிக்கிறது. 5 வோல்ட் வரியில் மொத்தம் 125 மில்லி ஆம்பியர். 12 வோல்ட்டிலிருந்து 7805 ரெகுலேட்டர் வழியாக எடுத்ததால் ஏழு வோல்ட் வீணாகச் சூடாகிறது, ஒரு வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. மூடிய பெட்டிக்குள் அந்தச் சூடு பிடிக்கவில்லை. சின்ன ஹீட்சிங்க் போட்டேன்.

எட்டு ஐசி வாங்கியிருந்தேன், எல்லாம் பழைய ஸ்டாக். ஆறைப் பொருத்தியதில் இரண்டு ட்யூப் மட்டும் மங்கலடித்தன. ட்யூப்பை மாற்றி வைத்தேன், மங்கல் இடத்தை விட்டு நகரவில்லை. ஆகக் குறை ஐசியில். அதைச் சோதிக்கச் செய்த சின்ன ஏற்பாடு இது: ஐசிக்கு 5 வோல்ட் கொடுத்து, உள்ளீட்டை 15-இல் வைத்து, எல்லா வெளியீட்டையும் அணைக்க வேண்டும். பிறகு 180 வோல்ட்டை 1 மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒவ்வொரு வெளியீட்டுக் காலிலும் தொட்டு, அந்தக் கால் எத்தனை வோல்ட்டில் நிற்கிறது என்று மீட்டரில் பார்க்க வேண்டும். போகும் மின்னோட்டம் 0.2 மில்லி ஆம்பியரைத் தாண்டாது, ஐசிக்குச் சேதம் இல்லை. நல்லவை 63 முதல் 69 வோல்ட் வரை நின்றன. எட்டில் ஒன்றின் இரண்டு கால்கள் 41, 44 காட்டின. இன்னொன்றில் ஒரு கால் 29. அந்த இரண்டையும் ஒதுக்கினேன். கையில் நல்லது சரியாக ஆறு, உபரி என்று ஒன்றுகூட இல்லை.

ஆறையும் பொருத்தியபோது கடிகாரம் நன்றாகவே ஓடியது. அத்தோடு நிறுத்தியிருந்தாலும் தவறில்லை. மூன்று வாரம் கழித்து பத்து-விநாடி ட்யூப்பில் 3 எரியும்போது 4-இன் ஓரம் தெரியத் தொடங்கியது. ஐசியைக் கழற்றி அளந்தால் 66 காட்டிய கால் 47-க்கு இறங்கியிருந்தது. மாற்றுவதற்கு வேறு ஐசி இல்லை. இன்னும் எட்டு வாங்கி, அவற்றையும் ஒவ்வொரு காலாகச் சோதித்து, மீண்டும் சில மாதத்தில் இதே கதையா என்று யோசித்தபோதுதான் நான்காவது வழிக்குப் போனேன்.

எச்வி5622. 32 வெளியீடு, ஒவ்வொன்றும் 220 வோல்ட் தாங்கும், உள்ளேயே ஷிஃப்ட் ரெஜிஸ்டரும், வந்த பிட்டுகளைப் பிடித்து வைக்கும் லாட்ச்சும். ட்யூப்புக்குக் கொடுக்கும் முழு 180 வோல்ட்டும் அப்படியே வெளியீட்டில் வந்து நின்றாலும் அதற்குக் கவலை இல்லை. எரியாத தகடு எங்கே நிற்க விரும்புகிறதோ அங்கே நிற்க விட்டுவிடும், பிடித்து இறக்காது. இரண்டு ஐசி சேர்ந்தால் 64 வெளியீடு. ஆறு ட்யூப்புக்கு 60 போக நான்கு மிச்சம். மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவே இரண்டு, நிமிடத்துக்கும் விநாடிக்கும் நடுவே இரண்டு என்று புள்ளி நியான் பல்புகள் நான்கு. இந்தக் கடிகாரத்துக்கென்றே எண்ணிச் செய்த மாதிரி அமைந்தது.

இங்கேயும் ஒரு வழி தவறியது. ஐசிக்கு 12 வோல்ட், மைக்ரோ கண்ட்ரோலர் 5 வோல்ட். நேராக இணைத்தேன். எண்கள் தாறுமாறாக எரிந்தன. வயரைத் தொட்டால் மாறின. சில நிமிடம் சரியாக ஓடும், பிறகு ஒரே ட்யூப்பில் மூன்று எண் சேர்ந்து எரியும். புரோகிராமில் பிழை தேடி ஒரு மாலை போயிற்று. டேட்டாஷீட்டைத் திரும்ப எடுத்தபோது உள்ளீட்டு வரி கண்ணில் பட்டது: உயர் நிலை என்றால் சப்ளையைவிட 2 வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது. 12-இல் ஓடும் ஐசிக்குக் குறைந்தது 10 வேண்டும். நான் கொடுத்தது 5. அது உயர்வா தாழ்வா என்று ஐசிக்கே தெரியாத நிலை. நடுவில் ஒரு சிடி4504 வைத்தேன். ஆறு வரியை 5-இலிருந்து 12-க்கு ஏற்றித் தரும். டேட்டா, கிளாக், லாட்ச், பிளாங்கிங் (எல்லா வெளியீட்டையும் ஒரேயடியாக அணைக்கும் வரி) என்று நான்கு வரி போதும். வைத்த உடனே எண்கள் நிலைத்தன.

முழுதாக அல்ல. எப்போதாவது எல்லா எண்ணும் ஒரு படி தள்ளி எரிந்தன. இந்த ஐசி கிளாக் மேலிருந்து கீழே இறங்கும்போது டேட்டாவை எடுக்கிறது. மைக்ரோ கண்ட்ரோலரிலிருந்து டேட்டா அனுப்பும் என் எஸ்பிஐ அமைப்பு மோடு 0, அதில் டேட்டா மாறுவதும் அதே இறங்கும் நேரத்தில்தான். இரண்டும் ஒரே நொடியில் மோதின. மோடு 1-க்கு மாற்றியதும் தீர்ந்தது, புரோகிராமில் ஒரே ஓர் எழுத்து.

வயரிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இந்த ஐசியைத் தவிர்ப்பதற்கே அதுதான் காரணம். 44 கால் உள்ள பிஎல்சிசி உறை, நேரே துளை போர்டில் உட்காராது. அதற்கான சாக்கெட் வாங்கினால் அதன் கால்கள் 2.54 மில்லிமீட்டர் கட்டத்தில் வரும், கையால் சால்டர் செய்யலாம். ஆனால் ஒன்றாம் கால் மூலையில் இல்லை, ஒரு பக்கத்தின் நடுவில் இருக்கிறது. அங்கிருந்து எண்ணிக்கை இரண்டு வரிசையாக, உள்ளே வெளியே என்று மாறி மாறிப் போகிறது. போர்டைத் திருப்பிப் பார்த்தால் கண்ணாடியில் பார்த்த மாதிரி எல்லாம் இடம் மாறும். முதல் சாக்கெட்டில் பதினோரு வயர் போட்ட பிறகுதான் ஒரு பக்கம் முழுவதும் தவறு என்று தெரிந்தது. அப்போது தோன்றியது: எந்த வெளியீடு எந்த எண்ணுக்குப் போகிறது என்பதை நான் ஏன் முடிவு செய்ய வேண்டும்? சப்ளை, கிரவுண்டு, டேட்டா வரிகளை மட்டும் சரி செய்தேன். மற்ற 32-ஐயும் எந்த ட்யூப் கால் பக்கத்தில் இருக்கிறதோ அதற்கே இழுத்தேன். பிறகு ஒவ்வொரு வெளியீடாக எரியவிடும் சின்னப் புரோகிராம் எழுதி, எது எங்கே எரிகிறது என்று தாளில் குறித்தேன். 64 வரி. ஒரு மணி நேர வேலை. அந்தத் தாளை அப்படியே புரோகிராமில் ஒரு பட்டியலாக ஏற்றினேன். வயர்கள் ஒன்றையொன்று தாண்டாமல் குட்டையாகப் படுத்தன, போர்டின் அடிப்பக்கம் முந்தையதைவிடப் பாதி இடத்தில் முடிந்தது.

பிளாங்கிங் காலை வீணாக்காதீர்கள். போலாரிட்டி காலை 12 வோல்ட்டில் கட்டிவிட்டு பிளாங்கிங்கைத் தாழ்த்தினால் எல்லா வெளியீடும் அணையும். மின்சாரம் வந்த நொடியில் ரெஜிஸ்டருக்குள் என்ன கிடக்கிறது என்று சொல்ல முடியாது. என் முதல் போர்டில் ஒவ்வொரு முறை போடும்போதும் பத்துப் பதினைந்து எண் ஒரேயடியாக மின்னின. சிடி4504-இன் அந்த உள்ளீட்டைக் கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் வழியாக இழுத்து வைத்ததும், புரோகிராம் தயாராகிற வரை எல்லாம் இருட்டாக இருக்கிறது. அதே காலில் 200 ஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம் (வேகமாக எரியவிட்டு அணைக்கும் துடிப்பு) கொடுத்தால் வெளிச்சக் கட்டுப்பாடும் கிடைக்கிறது. இரவில் 20 சதவீதம் வைத்திருக்கிறேன். 5-க்குக் கீழே இறக்கினால் ஒன்றிரண்டு ட்யூப் இருட்டில் எரியத் தயங்குகிறது, முன்பு சொன்ன அதே காரணம்.

மணியின் முதல் இலக்கத்தில் 0, 1, 2 மட்டும்தான் எரியும். எரியாத தகடுகளின் மேல் காலப்போக்கில் உலோகத் துகள் படிந்து அவை குருடாகும். அதனால் நள்ளிரவு தாண்டி 3 மணிக்குப் பத்து நிமிடம் எல்லா ட்யூப்பும் 0 முதல் 9 வரை சுற்றி வரும். நேரத்தை டிஎஸ்3231 என்ற கடிகார ஐசி பார்த்துக்கொள்கிறது. அதில் எனக்கு ஒரு நாளும் பிரச்சினை வரவில்லை.

செலவைப் பார்த்தால், இரண்டு எச்வி5622-இன் விலை ஆறு கே155ஐடி1-இன் மொத்த விலையைவிடக் கூடுதல்தான். ஆனால் மூன்று 595 வேண்டாம், ஹீட்சிங்க் வேண்டாம், சோதித்து ஒதுக்க உபரி ஐசிகள் வாங்க வேண்டாம். ஒன்பது ஐசி இருந்த இடத்தில் இப்போது மூன்று. உண்மையில் அதிகச் செலவு பெட்டியில் சும்மா கிடக்கும் 12 டிரான்சிஸ்டரிலும், மூன்று டிபிஐசி-யிலும், மூன்று முறை கழற்றிச் சால்டர் செய்ததில் துளை வளையம் பிய்ந்துபோன இரண்டு போர்டிலும்தான் போயிற்று.

நான்கு ட்யூப் கடிகாரம் செய்கிறவர்களுக்கு என் பரிந்துரை வேறு. 40 வெளியீடு வேண்டும், எச்வி5622 எடுத்தால் அப்போதும் இரண்டு வேண்டியிருக்கிறது, 24 வெளியீடு வீண். நன்றாகச் சோதித்த நான்கு கே155ஐடி1, உபரியாக இரண்டு. அது போதும், கைக்கும் எளிது. நியான் இல்லாமல் பச்சையாக ஒளிரும் விஎஃப்டி ட்யூப் என்றால் கணக்கே வேறு. அங்கே 25 முதல் 50 வோல்ட்தான், ஐசி கிரவுண்டுக்கு இழுக்கக் கூடாது, மேலே பிளஸ் பக்கம் தள்ள வேண்டும். எச்வி5812, மேக்ஸ்6921 இரண்டும் 20 வெளியீட்டோடு அதற்கென்றே இருப்பவை. ஐவி-18 மாதிரி எட்டு இலக்க ட்யூப்பின் கிரிடு, செக்மென்ட் எல்லாம் ஒரே ஐசிக்குள் அடங்கிவிடும். நிக்ஸிக்கு வாங்கியதை அங்கேயோ, அங்கே வாங்கியதை இங்கேயோ போட முடியாது.

அடுத்த முறை செய்தால் முதலில் ஒரே ஒரு ட்யூப்பை எடுத்து, ஒரு எண்ணை நேரே கிரவுண்டில் கட்டி எரியவிட்டு, மீதி ஒன்பதின் வோல்ட்டையும் அளந்து தாளில் எழுதுவேன். ஐசி கேட்லாக்கைத் திறப்பது அதற்குப் பிறகுதான். ஆனோடு ரெசிஸ்டர்களை ட்யூப் சாக்கெட்டை ஒட்டியே வைப்பேன். இப்போது சப்ளை போர்டில் இருக்கின்றன, நீளமான ஆறு வயர் 140 வோல்ட்டோடு பெட்டிக்குள் ஓடுகிறது. துளை போர்டை விட்டுவிட்டு அச்சிட்ட போர்டு செய்வேன். வயரிங் பட்டியல் ஏற்கெனவே புரோகிராமில் இருப்பதால் அதில் எந்தக் கால் எங்கே போனாலும் சரிதான்.

நேற்று மூடியைப் போடும் முன் கடைசியாக ஒருமுறை மீட்டரை எடுத்தேன். விநாடி ட்யூப்பில் 6 எரியும்படி நிறுத்தி வைத்துவிட்டு, எரியாத 2-இன் காலில் தொட்டேன். 81 வோல்ட். விளக்கை அணைத்துப் பார்த்தேன், 2-இல் ஒளி இல்லை. நான்கு திருகையும் முடுக்கினேன்.